ஓரியூர் செம்மண்

1985-ல் தனி மாவட்டமாகப் பிரியும் வரை நம்ம விருதுநகரும் சிவகாசியும் பழைய ராமநாதபுரம் மாவட்டம்தான். அதே மாவட்டத்தின் கிழக்கே, திருவாடானை பக்கம் ஓரியூர் இருக்கிறது. அங்கே 1693-ல் தலை வெட்டப்பட்ட ஒரு வெள்ளைக்காரரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். சொந்தப் பெயர் ஜான் டி பிரிட்டோ. நம் ஜனங்களுக்கு அவர் அருளானந்தர்.

1647 மார்ச் 1-ல் லிஸ்பன் நகரில் பெரிய இடத்துப் பிள்ளையாகப் பிறந்தார். அரண்மனையில் இளவரசர் பெட்ரோவோடு வளர்ந்தவர். 15 வயதில் இயேசு சபையில் சேர்ந்து, 1673-ல் குருவாகி, அம்மா தடுத்தும் கேளாமல் அதே வருஷம் கப்பல் ஏறிவிட்டார்.

மதுரை மிஷனுக்கு வந்ததும் ஆளே மாறிப் போனார். காவி உடை, மாமிசம் கிடையாது, கட்டாந்தரையில் படுக்கை. எல்லாச் சாதியாரோடும் பழகலாம் என்பதால் பண்டாரச் சாமி கோலம். தமிழும் படித்துக்கொண்டார். 1686-ல் மறவர் சீமையில் பிடித்து அடித்துச் சித்திரவதை செய்தார்கள். கிழவன் சேதுபதி, இனிமேல் இங்கே போதிக்கக் கூடாது என்று சொல்லி விடுவித்தார்.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். மிஷன் வேலையாக அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அப்போது போர்ச்சுக்கல் ராஜா யார் தெரியுமா? கூட விளையாடிய அதே பெட்ரோ! இங்கேயே இரு என்று மன்னர் வற்புறுத்தினார். நம்மில் ஒருத்தனுக்கு டிப்ளமோ முடிச்சதும் துபாயில் வேலை கிடைச்சா திரும்பிப் பார்ப்போமா? அவர் 1690-ல் திரும்பி வந்தார், அடிபட்ட அதே சீமைக்கு.

ஆட்சிக்கு உரிமை சொல்லக்கூடிய குடும்பத்தைச் சேர்ந்தவர் தடியத்தேவர். தீராத நோய் தீர்ந்ததால் மதம் மாற முன்வந்தார். ஒரு மனைவியோடு மட்டும் வாழ வேண்டும் என்றார் அருளானந்தர். 1693 ஜனவரி 6-ல் ஞானஸ்நானம் நடந்தது. விலக்கப்பட்ட மனைவியரில் இளையவர் கடலாயி, சேதுபதியின் உறவுப் பெண். அவர் போய் முறையிட, இரண்டே நாளில் கைது.

கடலாயியை வில்லியாகக் காட்டுவது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. கட்டிய புருஷன் திடீரென்று போ என்றால் எந்தப் பொண்ணு சும்மா இருப்பாள்? அரசியல் பயமும் மதக் கோபமும் அந்தக் கண்ணீரோடு சேர்ந்துகொண்டன.

ராமநாதபுரத்தில் கொல்லாமல், நாடு கடத்துவதாகச் சொல்லி ஓரியூருக்கு அனுப்பினார்கள். சேதுபதியின் தம்பிக்கு ரகசிய உத்தரவு போனது. சிறையில் மை கிடையாது. நம்ம பக்கம் வெடிமருந்துக்கு இடிக்கிறோமே, அந்தக் கரியைத்தான் தண்ணீரில் குழைத்துக் குச்சியால் கடைசிக் கடிதம் எழுதினார். பிப்ரவரி 4-ல் தலையை வெட்டி, கை கால்களையும் துண்டித்து, உடலைக் கழுமரத்தில் கட்டினார்கள். வயது 45.

1947 ஜூன் 22-ல் ரோமில் புனிதர் பட்டம் தந்தார்கள். அவர் ரத்தம் பட்டுத்தான் ஓரியூர் மண் சிவந்தது என்பது மக்கள் நம்பிக்கை. வேற்று மதத்தவரும் வந்து அந்த மண்ணை ஒரு பிடி முடிந்து எடுத்துப் போகிறார்கள்.