தீர்ப்பு வந்தது, தீண்டாமை பிழைத்தது!

அரியும் அரனும் வேறல்லர் என்று காட்ட, ஓருருவில் பாதி அவராக, பாதி இவராக வடித்து வைத்திருக்கும் ஊர் நமது சங்கரன்கோவில். கடவுளர் இருவரை ஒட்டவைத்த நாட்டுக்கு, மனிதர் இருவரை ஒரு வரிசையில் உட்காரவைக்கத் தெரியவில்லை! கோபுரம் உள்ள இடத்தில்தான் இந்தக் கோணல் என்று எண்ணிவிடாதீர்கள். இதே நெல்லைச் சீமையின் தென்கோடியில், வடக்கன்குளத்தில், 1872-இல் கத்தோலிக்கர் ஒரு கோயில் எழுப்பினர். காற்சட்டையின் இரு கால்போல இரண்டு கூடங்கள்; நடுவே சுவர். இப்பக்கம் ஒரு சாதி, அப்பக்கம் வேறு சாதி. சிலுவை மட்டும் பொது!

அந்தச் சுவர் எழுமுன்பே, நூற்றறுபது ஆண்டுக்கும் முன்பே, சாதித் தீட்டுக்கு எதிராகத் திருச்சபையின் பெயரால் தீர்ப்பெழுதிய ஒருவர் தமிழகக் கரையில் தங்கியிருந்தார். கார்லோ தூர்னோன் என்பது பெயர். இத்தாலியின் தூரின் நகரில், 1668-இல், பிரபுக்கள் குடும்பத்தில் பிறந்தவர், சட்டம் படித்தவர். 1701-இல் போப் பதினோராம் கிளமெண்ட் அவரை ஆயராக்கி, அந்தியோக்கியாவின் முதுபெரும் ஆயர் என்ற பட்டமும் சூட்டி, கீழைநாட்டு வழக்குகளைத் தீர்த்துவர அனுப்பினார். 1703 நவம்பரில் புதுவையில் வந்திறங்கினார்.

வழக்கு என்ன? மதுரைச் சீமையில் சேசு சபைப் பாதிரிமார் காவி உடுத்தனர், புலால் மறுத்தனர், சந்தனம் பூசினர். அதுவரை போகட்டும். மேல்சாதியார் முகம் சுளிப்பரே என்று அஞ்சி, பறையர் என ஒதுக்கப்பட்டோரின் குடிசைக்குள் நுழைய மறுத்தனர். சாகக் கிடப்பவனையும் வெளியே தூக்கி வந்தால்தான் இறுதிச் சடங்கு!

தூர்னோன் தமிழறியாதவர். நோய் விடாததால் மதுரைப் பக்கம் போகவும் இல்லை. இருந்த இடத்திலிருந்தே கேட்டறிந்து, 1704 ஜூனில் ஆணை எழுதினார். பிள்ளையார் உருப்பொறித்த தாலி கூடாது, பூப்பு விழா கூடாது, மணவீட்டில் தேங்காய் உடைக்கக் கூடாது என்று அடுக்கினார். தேங்காய் உடைந்தால் திருச்சபை உடைந்துவிடுமா, என்ன! ஆயினும் அதே தாளில் இரண்டு பிரிவுகள் இருந்தன. மாதவிலக்கைக் காட்டிப் பெண்ணைப் பாவமன்னிப்புக்கு வராமல் தடுக்கக் கூடாது. ஒதுக்கப்பட்டோர் வீட்டில் நோயாளி இருந்தால், அந்த வீட்டுக்கே, ஊரறியப் போகவேண்டும்.

கிளம்பிற்று எதிர்ப்பு! ரோமாபுரிக்குப் பறந்தது முறையீடு. தூர்னோனோ சீனம் சென்றார். முன்னோர் வழிபாட்டைத் தடுத்து, காங்சி பேரரசரின் சினத்துக்கு ஆளாகி, மக்காவில் போர்ச்சுக்கீசியர் காவலில் அடைபட்டார். கர்தினால் பட்டம் காவலில் இருந்தவரைத் தேடி வந்தது. 1710-இல், நாற்பத்தொரு வயதில், அங்கேயே மறைந்தார்.

முறையீடு நாற்பது ஆண்டு இழுத்தது. 1744-இல் போப் பதினான்காம் பெனடிக்ட், தூர்னோன் ஆணையே செல்லும் என்றார். எப்படிச் செயல்பட்டது தெரியுமா? ஒதுக்கப்பட்டோருக்கெனத் தனிப் பாதிரிமாரை ஒதுக்குகிறோம் என்றது சேசு சபை, ரோமாபுரியும் ஒப்பியது! வீட்டுக்குள் போ என்றால், போவதற்கென்றே வேறோர் ஆள்!

அந்தத் தந்திரத்தின் பேரப்பிள்ளைதான் வடக்கன்குளத்துச் சுவர். 1910-இல் திருச்சபையே அதை இடித்தது. சுவர் வேண்டும் என்றோர் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றனர்.