விருந்தாய் வந்து விருந்தோம்பிய நாகூர் ஆண்டவர்

வங்கக் கடலோரத்தில், நாகப்பட்டினத்திற்கு வடக்கே, ஐந்து மினாராக்கள் வானளாவி நிற்கும் திருத்தலம் நாகூர். அவ்வூரின் பெயரை உலகறியச் செய்த பெருந்தகை சையது ஷாகுல் ஹமீது அவர்கள். மீரான் சாகிபு, காதர் வலி என்று பல பெயர்கள் அவருக்கு உண்டெனினும், நாகூர் ஆண்டவர் என்பதே எளிய மக்களின் நாவில் நிலைத்த பெயராகும்.

16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்பெரியார் தமிழ் மண்ணில் பிறந்தவரல்லர். இன்றைய உத்தரப் பிரதேசத்திலுள்ள மாணிக்கப்பூரே அவர் பிறந்த ஊர். இளமையிலேயே ஞானம் தேடி வீட்டைத் துறந்து புறப்பட்டார். குவாலியரில் முகம்மது கௌஸ் என்னும் சூஃபி ஞானியாரிடம் பயின்றார். பின்னர்ச் சீடர்களுடன் மக்கா சென்று ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றினார். அதன்பின் தென்னாடு நோக்கி வந்து, ஊர் ஊராகக் கடந்து, தஞ்சையை அடைந்தார். முகம் அறியாத ஊர், மொழி அறியாத மக்கள். சோழநாட்டிற்கு அவர் ஒரு வழிப்போக்கராகவே வந்தார்.

அந்நாளில் தஞ்சையை ஆண்ட நாயக்க மன்னர் தீராத பிணியால் வருந்தினார் என்றும், ஊசிகள் குத்தப்பட்டுத் துடித்த புறாவொன்றைக் கண்ட பெரியார் அவ்வூசிகளைக் களைந்ததும் மன்னரின் பிணி நீங்கிற்று என்றும் மரபுவழிச் செய்தி கூறும். இன்றும் அடியார்கள் தர்காவில் புறாக்களைப் பறக்கவிடுவது இதன் நினைவாகவே. மன்னரின் ஆதரவால் நாகூரில் நிலம் கிடைத்தது. வளர்ப்பு மகன் யூசுபுடன் பெரியார் அங்கேயே தங்கினார். அருகிலுள்ள வாஞ்சூரில் தனித்திருந்து தவம் புரிந்தார், கடற்கரையில் தொழுதார்.

நேற்று விருந்தாய் வந்தவர் இன்று விருந்தோம்புபவரானார். நோயுற்றோரும், மகப்பேறு வேண்டினோரும், மனம் நொந்தோரும் அவரை நாடி வந்தனர். வந்தவர் எச்சமயத்தார், எச்சாதியார் என்ற வினா அவர் வாயிலில் எழவில்லை என்பதே மக்கள் போற்றிவரும் நினைவு.

அவர் மறைந்த பின்னும் அவ்வாயில் அடைபடவில்லை. மினாராக்களுள் மிக உயர்ந்ததான 131 அடி மினாராவை எழுப்பியவர், 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங். பதினான்கு நாள் கந்தூரி விழாவிற்கு இந்துக்களும் திரளாக வருகின்றனர். முடி காணிக்கை செலுத்துகின்றனர். சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுக்கான சட்டங்கள் 1939இலும் 1947இலும்தான் இயற்றப்பட்டன. அதற்கு முன் கோபுரத்தைத் தொலைவில் நின்றே கும்பிட வேண்டியிருந்த நம் மக்களுக்கு, சாதி கேளாத வாயில் என்பது எத்துணைப் பெரிது என்பதை எண்ணிப் பாருங்கள்.

பிழைப்புத் தேடிக் கடல் கடந்த தமிழ் முஸ்லிம்கள் இப்பெரியாரின் நினைவையும் உடன்கொண்டு சென்றனர். பினாங்கிலும், 1828 முதல் 1830க்குள் சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவிலும், அவர் பெயரால் நினைவிடங்கள் எழுந்தன. புதிய கரையில் இறங்கிய அந்நியருக்கு அவை தாய்மண்ணின் முகமாய் விளங்கின. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகைக் கடற்கரையைச் சூறையாடியபோதும், வீடிழந்தோர்க்குத் தர்கா புகலிடம் தந்தது. மாண்டோரை அடக்கம் செய்ய இடமும் அளித்தது.

இளைஞர்களே! சோறிடுவது மட்டுமே விருந்தோம்பல் ஆகாது. வாயிலுக்கு வெளியே நிறுத்திச் சோறிட்டவர்களை நம் முன்னோர் அறிவர். அச்சோற்றின் கசப்பையும் அறிவர். எங்கே அமர்த்துகிறோம், எவ்வாறு அழைக்கிறோம், என்ன கேட்கிறோம் என்பதில்தான் வரவேற்பு இருக்கிறது. சிற்றூரிலிருந்து, தன் குடும்பத்தின் முதல் மாணவனாக, தகரப் பெட்டியுடன் நம் கல்விச் சங்கத்தின் படியேறி வரும் பிள்ளையிடம் நாம் முதலில் கேட்பது என்ன? எந்தத் தெரு, எந்த உட்பிரிவு என்று கேட்போமாயின், நம்மை வெளியே நிறுத்திய அதே வழக்கத்தை நாமும் கைக்கொண்டவராவோம். உண்டாயா, உறங்க இடம் உண்டா, எந்தப் பாடம் கடினமாயிருக்கிறது என்று கேட்போமாயின், நாகூர்ப் பெரியார் காட்டிய வழியில் நடப்பவராவோம்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நாமும் இவ்வாயிலுக்குப் புதியவர்களே. இனி வருவோரை வரவேற்கும் கடமை நம்முடையது.