கதவடைத்தது ஒரு சபை... வீடு கொடுத்தது முத்துக்குளித்துறை!

எல்லாத் தகுதியும் இருக்கு. ஆனா, உங்க தாத்தா யாருன்னு விசாரிச்சுட்டு, `நீங்க வேண்டாம்'னு அனுப்பிடறாங்க. எப்படி இருக்கும்? 16-ம் நூற்றாண்டில், போர்ச்சுகல் இளைஞர் ஒருவருக்கு அதுதான் நடந்தது. அவர் பெயர் ஹென்றிக் ஹென்றிக்கஸ். தமிழில், அண்டிரிக் அடிகளார். தமிழை முதன்முதலில் அச்சில் ஏற்றிய மனிதர்களில் முக்கியமானவர்.

1520-ல் வில்லா விசோசா என்ற ஊரில் பிறந்தவர். முன்னோர் யூதர்கள். போர்ச்சுகலில் 1497-ல் யூதர்களைக் கட்டாயமாக மதம் மாற்றினார்கள். மாறிய பிறகும் அவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் `புதுக் கிறிஸ்தவர்கள்' என்று சொல்லி ஒதுக்கியே வைத்தார்கள். துறவியாக ஆசைப்பட்டு பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்த ஹென்றிக்கஸ், பூர்வீகம் காரணமாகவே வெளியேற வேண்டிவந்தது.

கோயம்ப்ராவில் படித்துக்கொண்டிருந்தவருக்கு 1545-ல் இன்னொரு கதவு திறந்தது. அது சேசு சபை. தொடங்கி ஐந்தே வருஷம் ஆன சபை. அதன் தலைவர் இக்னேஷியஸ் லயோலா, யூத வம்சாவளியை ஒரு குறையாகப் பார்க்காதவர். அடுத்த வருஷமே ஹென்றிக்கஸ் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். 1547-ல் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார்.

வடக்கே வேம்பார், வைப்பாரில் ஆரம்பிச்சு தெற்கே மணப்பாடு வரைக்கும் பரதவர்களின் ஏழு கடல்துறை ஊர்கள். அதுதான் அவர் வேலை செய்த இடம். பிரான்சிஸ் சவேரியார் அந்தக் கரையில் நடந்து போய் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசுவது ஹென்றிக்கஸுக்குச் சரிப்படலை. ராத்திரி பகலா உட்கார்ந்து தமிழ் படிச்சார். சில மாதங்களில் தானே பேச ஆரம்பிச்சுட்டார். கூட இருந்த ஐரோப்பியத் துறவிகளும் தங்களுக்குள் தமிழில்தான் பேசணும்னு விதி கொண்டுவந்தார். தனக்குப் பின்னால் வருபவர்கள் கஷ்டப்படக் கூடாதுன்னு போர்ச்சுக்கீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணமும் எழுதினார். அதன் கையெழுத்துப் பிரதி இன்றும் லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கு.

வாழ்க்கை சுகமா இருந்ததுன்னு நினைச்சுடாதீங்க. 1549-ல், கடற்கரைத் துறவிகளின் தலைவராக இருந்த அந்தோனி கிரிமினாலி வேதாளையில் கொல்லப்பட்டார். பயந்துபோய்க் கலைந்திருக்கலாம். ஆனா, மிச்சமிருந்த துறவிகள் கூடி, தங்களுக்குத் தலைவராக ஹென்றிக்கஸைத் தேர்ந்தெடுத்தார்கள். ரத்தத்தைக் காரணம் காட்டி ஒரு சபை வேண்டாம்னு ஒதுக்கிய அதே மனுஷரை! அப்போது அவருக்கு 29 வயசு. புன்னைக்காயலில் நோயாளிகளுக்காக மருத்துவமனை நடத்தினார். 1553-ல் புன்னைக்காயல் தாக்கப்பட்டபோது சிறைபட்டார். விடுதலையானதும் திரும்பவும் அதே கரை, அதே வேலை.

அடுத்து அச்சு. 1578 அக்டோபர் 20-ம் தேதி, கொல்லத்தில் `தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது. 16 பக்கம்தான். ஆனா, இந்திய மொழி எழுத்துகளில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் அது. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. `எ'வும் `ஏ'வும் ஒரே மாதிரி இருக்கும். மறுவருஷம் கொச்சியில் `கிரீசித்தியானி வணக்கம்'. 1586-ல், புனிதர்களின் வாழ்க்கையைச் சொல்லும் `அடியார் வரலாறு'. இது 600 பக்கங்களைத் தாண்டிய புத்தகம். அந்தக் கரையில் மக்கள் பேசிய தமிழ் அதில் நிறையப் பதிவாகியிருக்கு. அச்சுச் செலவுக்குப் பணம் கொடுத்தது யார் தெரியுமா? கடலில் மூச்சடக்கி முத்தெடுத்த பரதவர்கள்.

1593-ல் ஒரு திருப்பம். சேசு சபையே, யூத வம்சாவளியினரை இனிமேல் சேர்ப்பதில்லைன்னு முடிவெடுத்தது. தான் நுழைந்த கதவு தன்னைப் போன்றவர்களுக்கு மூடப்பட்டபோது ஹென்றிக்கஸுக்கு வயது 73. அந்தத் தடை முழுசா நீங்க 1946 ஆச்சு. அவர் கடைசிவரை அந்தச் சபையிலேயே, அந்தக் கரையிலேயே இருந்தார்.

1600-ல் புன்னைக்காயலில் இறந்தார். 53 வருஷம்; ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. உடலைத் தூத்துக்குடியில் அடக்கம் செய்தார்கள். அன்றைக்கு அக்கம்பக்கத்து முஸ்லிம்களும் இந்துக்களும்கூட நோன்பிருந்ததாக சேசு சபைக் குறிப்புகள் சொல்கின்றன.

நன்றி சொல்றதுன்னா என்னன்னு அவர் வாழ்க்கையைப் பார்த்தாலே புரியும். தன்னைச் சேர்த்துக்கொண்டவர்களின் மொழியைக் கற்றார், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார், அவர்கள் படிக்கப் புத்தகம் போட்டார். இப்போ நீங்க மொபைல்ல தமிழ் டைப் பண்றீங்க இல்லையா... ஈய எழுத்தாகத் தொடங்கிய அந்தப் பயணத்தில், வேம்பார் முதல் மணப்பாடு வரையிலான மீனவர்களின் காசும், வேண்டாம்னு அனுப்பப்பட்ட ஒருத்தரின் உழைப்பும் இருக்கு.