திருவிளையாடல் படத்து ஔவைப் பாட்டி யார் தெரியுமா?

 

நம்ம வயசுக்காரங்க நிறைய பேர் இந்தக் குரலை முதல்ல கேட்டது திருவிளையாடல் படத்துலதான் இருக்கும். 1965ல வந்த படம். ஞானப்பழம் அண்ணனுக்குப் போயிடுச்சுன்னு முருகன் கோவிச்சுக்கிட்டுப் போய் மலைமேல நிக்கிறார். ஔவைப் பாட்டி வந்து அவரைச் சமாதானப்படுத்திப் பாடுறாங்க. டி.எம்.எஸ்., பாலமுரளிகிருஷ்ணா, டி.ஆர். மகாலிங்கம்னு பெரிய ஜாம்பவான்கள் பாடின படம் அது, இசை கே.வி. மகாதேவன். ஒவ்வொரு பாட்டா கேட்டுக்கிட்டு வந்தா, இந்த ஒரு குரல் மட்டும் தனியா நிக்கும். தேன் மாதிரி இனிமைன்னு சொல்ல முடியாது. வெண்கல மணி மாதிரி கனம், மேல போகப் போக இன்னும் பலம். எனக்கு அந்தப் படத்துக்கு அப்புறம் ப்ளேலிஸ்ட்ல பாதி இவங்கதான்.

அவங்க கே.பி. சுந்தராம்பாள். கே.பி.ன்னா கொடுமுடி பாலாம்பாள். கொடுமுடி சொந்த ஊர், பாலாம்பாள் அம்மா பேரு. 1908ல காவிரிக் கரையில இருக்கிற அந்த ஊர்ல பிறந்தாங்க. ரொம்ப ஏழ்மை. சின்னப் பொண்ணா இருக்கும்போது ரயில்ல பாடித்தான் குடும்பத்துக்குக் காசு. ரயில்வே அதிகாரியும் நாடக ஆர்வலருமான எஃப்.ஜி. நடேசய்யர் அந்தக் குரலைக் கவனிச்சுக் கைதூக்கிவிட்டவர்களில் ஒருவர். அப்படியே நாடக மேடைக்கு வந்தாச்சு.

அந்தக் காலத்து நாடகத்தைப் பத்தித் தெரிஞ்சாத்தான் இந்தக் குரல் ஏன் இப்படி இருக்குன்னு புரியும். மைக் கிடையாது. கடைசி வரிசையில தரையில உட்கார்ந்திருக்கிறவருக்கும் வார்த்தை தெளிவா கேக்கணும். ராத்திரி ஆரம்பிச்சா விடிய விடிய நடக்கும். அதுலயும் ஸ்பெஷல் நாடகம்னு ஒண்ணு உண்டு. வெவ்வேற ஊர் நடிகர்களைத் தனித்தனியா பேசி வரவழைச்சு ஒரே மேடையில ஏத்திடுவாங்க. ஒத்திகையே இருக்காது. எங்க ஐ.டி. பாஷையில சொன்னா, டெஸ்டிங் இல்லாம நேரா ப்ரொடக்‌ஷன்! எதிர்ல இருக்கிறவர் எந்தப் பாட்டை எடுப்பார், எந்த ஸ்வரத்துல நிறுத்துவார்னு தெரியாது. பதிலுக்குப் பாடணும், இல்லேன்னா ஜனங்க விடமாட்டாங்க.

அந்த மேடைகள்ல எப்பவும் கூட்டம் சேர்த்த நாடகம் நம்ம முருகனோட கதைதான். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதின வள்ளி திருமணம். தினைப்புனத்துல வள்ளி காவல் இருக்க, வேலன் வேடனா வந்து வம்பு வளர்ப்பார். இரண்டு பேருக்கும் பாட்டுலயே வாக்குவாதம். 1926 வாக்குல இலங்கை மேடைகள்ல சுந்தராம்பாள் வள்ளியா நின்னப்போ எதிர்ல வேலனா வந்தவர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. உச்ச ஸ்தாயியில அவரை மிஞ்ச ஆள் இல்லைன்னு பேரெடுத்தவர். அவருக்கு எதிர்ல இந்தப் பொண்ணு குரல் தாங்குமான்னு சந்தேகப்பட்டவங்க உண்டு. தாங்கினது மட்டும் இல்ல, ரெண்டு பேரும் ஜோடியா நடிச்சா டிக்கெட் கிடைக்காதுங்கிற நிலைமை வந்துடுச்சு.

1927ல கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தது. இந்தக் கல்யாணத்துல சந்தோஷமா இருந்த நாட்கள் கொஞ்சம்தான். பிறந்த குழந்தையும் தங்கல. மனஸ்தாபம், பிரிவு, கடிதங்கள், அவரோட குடிப்பழக்கம், உடல்நலக் கேடு. 1933 டிசம்பர்ல கிட்டப்பா காலமானார். அவருக்கு 27 வயசு, இவங்களுக்கு 25.

அன்னிலேர்ந்து வெள்ளைப் புடவைதான். இனி எந்த ஆணோடயும் ஜோடியா நடிக்கறதில்லைன்னு முடிவு. 25 வயசுல, புகழோட உச்சியில இருக்கிற ஒரு நடிகை எடுத்த முடிவு இது. வள்ளி வேஷம் அதோட போச்சு.

ரெண்டு வருஷம் கழிச்சு சினிமாவுக்குக் கூப்பிட்டாங்க. தட்டிக் கழிக்கறதுக்காகவே ஒரு லட்ச ரூபாய் கேட்டாங்க, தயாரிப்பாளர் சரின்னுட்டார்னு சொல்வாங்க. 1935ல வந்த நந்தனார் அது. ஒரு லட்சம் அப்போ யாரும் வாங்காத சம்பளம். அதுல இவங்க எடுத்துக்கிட்டது நந்தனார் வேஷத்தையே, அதாவது ஆண் வேஷம்! அடுத்து 1940ல மணிமேகலை, இளவரசனை வேண்டாம்னு துறவியான பொண்ணு. 1953ல ஜெமினியோட ஔவையார், இளமையே வேண்டாம்னு முதுமையை வாங்கிக்கிட்டவங்க. 1964ல பூம்புகார் படத்துல கவுந்தி அடிகள். 1973ல காரைக்கால் அம்மையார், கணவனே கும்பிட்டு விலகிப் போன பிறகு பேயுருவம் கேட்டு வாங்கினவங்க. இந்த வேஷங்களை ஒரே வரிசையில வச்சுப் பாருங்க. ஒண்ணுலயாவது பக்கத்துல கணவன் நிக்கிறாரா? இது தற்செயல்னு நான் நம்பல.

பூம்புகார் பத்தி ஒரு வார்த்தை. இவங்க காங்கிரஸ்காரங்க. சத்தியமூர்த்தியோட தேர்தல் மேடைகள்ல பாடினவங்க, 1951ல சென்னை மேலவை உறுப்பினர் ஆனவங்க. நெத்தி நிறைய திருநீறு. அந்தப் படத்துக்குத் திரைக்கதை எழுதினவரோ பகுத்தறிவு பேசின கலைஞர் கருணாநிதி. அதுல இவங்களுக்குச் சமணத் துறவி வேஷம்! தமிழ் சினிமாவுல மட்டும்தான் இதெல்லாம் நடக்கும்.

இப்போ மறுபடியும் அந்தத் திருவிளையாடல் காட்சிக்கு வருவோம். அதுல பாடும்போது இவங்களுக்கு 57 வயசு. கிட்டப்பா போய் 32 வருஷம் ஆச்சு. வேலனோட பாட்டுக்குப் பாட்டு மல்லுக்கு நின்ன அதே குரல்தான், இப்போ கோவிச்சுக்கிட்டுப் போன குழந்தை முருகனைத் திரும்பி வாப்பான்னு கெஞ்சுது. ஒரு இடத்துல குரல் மேல ஏறி நின்னு மெல்ல இறங்கும், கவனிச்சுக் கேளுங்க. மைக் இல்லாத மேடையில பழகின மூச்சு அது.

அதுக்கப்புறம் 1967ல கந்தன் கருணையில மறுபடியும் ஔவை. 1969ல சாண்டோ சின்னப்பா தேவரோட துணைவன், சிறுமி ஸ்ரீதேவி முருகனா வர்ற படம். அதுல பாடினதுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைச்சது. முந்தின வருஷம்தான் பி. சுசீலா அந்த விருதை முதல் ஆளா வாங்கியிருந்தாங்க. சுந்தராம்பாளுக்கு அப்போ 61 வயசு. 1970ல பத்மஸ்ரீ. 1980ல காலமானாங்க, கடைசி வரைக்கும் அதே வெள்ளைப் புடவையில.

திருவிளையாடல் பாட்டை மட்டும் தெரிஞ்சவங்க, வர்ற கிருத்திகைக்குத் துணைவன் பாட்டுகளைத் தேடிப் போட்டுக் கேளுங்க. தயவுசெஞ்சு ரீமிக்ஸ் வேண்டாம். ஒரிஜினல்!

வேலும் மயிலும் துணை.