கப்பலின் விலாவில் ஒரு கோடு

கடலில் செல்லும் கலம் ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு நாட்டின் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். எந்த நாட்டின் பதிவேட்டில் அதன் பெயர் ஏறுகிறதோ, அந்த நாட்டின் கொடியையே அது பறக்கவிடும். அந்த நாட்டின் சட்டமே நடுக்கடலிலும் அதனை ஆளும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் இதற்கென விரிவான நடைமுறை இருந்தது. கப்பலின் உடைமை 64 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. பங்குடையோர் பிரித்தானியக் குடிமக்களாக இருத்தல் வேண்டும். அளவையாளர் வந்து கப்பலின் கொள்ளளவைக் கணக்கிட்டார். கப்பலின் பெயரும் அது பதிவான துறைமுகத்தின் பெயரும் பின்புறத்தில் எழுதப்பட்டன. பதிவு எண் முதன்மை உத்தரத்தில் செதுக்கப்பட்டது. உடையவர் யார், நீளம் எவ்வளவு, பாய்மரம் எத்தனை என்பனவெல்லாம் ஏட்டில் ஏறின. அக்கப்பலில் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்பதை மட்டும் எவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவர் சாமுவேல் பிளிம்சால்.

பிளிம்சால் மாலுமியும் அல்லர். கப்பல் உரிமையாளரும் அல்லர். 1824ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் பிரிஸ்டல் நகரில் ஒரு சுங்கவரி அலுவலரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே பள்ளிப் படிப்பை விட்டு, ஷெஃபீல்டு நகரில் மது வடிப்பாலை ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து மேலாளராக உயர்ந்தார். பின்னர் நிலக்கரி வாணிகத்தில் இறங்கி, கைப்பொருள் அனைத்தையும் இழந்தார். லண்டனில் ஏழைத் தொழிலாளர் தங்கும் மலிவான விடுதியில், வாரத்திற்கு எட்டு ஷில்லிங்கிற்கும் குறைவான செலவில் காலம் தள்ளினார். வேலையற்ற கூலியாட்கள் தமக்குள் உணவைப் பகிர்ந்துண்டதையும், துணையற்றவர்க்குத் துணை நின்றதையும் அங்கே அருகிருந்து கண்டார். பிற்காலத்தில் நிலக்கரி வாணிகத்தால் செல்வம் சேர்ந்தபோதும் அந்த விடுதி நாள்களை அவர் மறக்கவில்லை. 1868இல் டெர்பி தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அக்காலத்தில் மாலுமிகள் சில கப்பல்களைச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்றே அழைத்தனர். மரம் உளுத்துப்போன பழங்கலங்களில் அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றப்பட்டது. கப்பலின் உண்மை மதிப்பைவிடக் கூடுதலான தொகைக்குக் காப்பீடு செய்யவும் வழியிருந்தது. எனவே கப்பல் கரை சேர்ந்தால் உரிமையாளருக்குச் சரக்குக் கூலி. மூழ்கினால் காப்பீட்டுத் தொகை. இரண்டிலும் அவருக்கு இழப்பில்லை. உயிரிழப்பவர் மாலுமியே. உரிமையாளர் அனைவரும் இத்தகையோர் அல்லர். நேர்மையாளர் பலர் இருந்தனர். ஆயினும் குறைந்த கூலிக்கு நிறையச் சுமக்கும் போட்டியாளரின் முன் நேர்மையாளரின் தொழிலும் தளர்ந்தது. பணிக்கு ஒப்பமிட்டபின் கப்பலின் நிலைகண்டு அஞ்சி ஏற மறுத்த மாலுமிகளைச் சட்டம் சிறைக்கு அனுப்பியது. நீரில் மூழ்குவதா, சிறை புகுவதா என்னும் இருவழியே அவர்கள்முன் இருந்தது.

சுமைக்கு எல்லை வகுக்கும் கோடு பிளிம்சாலின் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. நியூகாசிலைச் சேர்ந்த கப்பல் உரிமையாளர் ஜேம்ஸ் ஹால் என்பவர் அதற்காக முன்பே வாதாடி வந்தார். அக்கருத்தை நாட்டின் மனச்சான்றின் முன் கொண்டுவந்து நிறுத்தியதே பிளிம்சாலின் பங்கு. 1873இல் அவர் வெளியிட்ட ‘நமது மாலுமிகள்’ என்னும் நூல் நாட்டை உலுக்கியது. அதில் பிழைகளும் இருந்தன. சில இடங்களில் சினம் சான்றுகளை முந்திச் சென்றது. அவதூறு வழக்குகள் அவர்மீது பாய்ந்தன. எனினும், அரசு விசாரணைக் குழுவை அமைக்க வேண்டியதாயிற்று.

1875ஆம் ஆண்டு சூலை 22ஆம் நாள், கப்பல் பாதுகாப்பு மசோதாவை அவ்வாண்டு கைவிடுவதாகப் பிரதமர் டிஸ்ரேலி அறிவித்தார். வேளாண் நிலம் பற்றிய மசோதாவுக்கு முதலிடம் தரப்பட்டது. அடுத்த குளிர்காலப் புயல்களில் எத்தனை பேர் மடிவர் என்று எண்ணிய பிளிம்சால் தம்மை மறந்தார். அவையின் நடுவே நின்று, மாலுமிகளைச் சாவுக்கு அனுப்பும் உறுப்பினர்களைக் கயவர் எனச் சாடினார். கையை ஓங்கி முழங்கினார். சொல்லைத் திரும்பப் பெறுமாறு அவைத்தலைவர் பணித்தும் மறுத்து வெளியேறினார். ஒரு வாரத்திற்குப் பின் அவைக்கு வந்து, அவை மரபை மீறியதற்காக மன்னிப்புக் கேட்டார். அதற்குள் ஊர்தோறும் பொதுக்கூட்டங்கள் கூடிவிட்டன. மக்களின் சீற்றம் கண்ட அரசு சில வாரங்களிலேயே தற்காலிகச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது.

1876ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் கப்பலின் விலாவில் வட்டமும் அதன் குறுக்கே கோடும் வரைய வேண்டும் என்றது. பாதுகாப்பற்ற கப்பலைத் துறைமுகத்திலேயே தடுத்து நிறுத்தும் அதிகாரத்தையும் அரசுக்கு அளித்தது. ஆனால் அக்கோட்டை எங்கே வரைவது என்பதை உரிமையாளரின் விருப்பத்திற்கே விட்டுவிட்டது! கேலியாகப் புகைபோக்கியில் கோடு வரைந்த ஒருவரைப் பற்றிய கதை கடலோடிகளிடையே வழங்கியது. கோட்டின் இடத்தைச் சட்டமே உறுதி செய்ய மேலும் 14 ஆண்டுகள் ஆயின.

1880இல் மீண்டும் வெற்றி பெற்ற பிளிம்சால், அமைச்சரவையில் இருந்த வில்லியம் ஹார்கோர்ட்டுக்கு இடமளித்துத் தம் பதவியைத் துறந்தார். அமைச்சர் ஒருவரால் மாலுமிகளுக்கு மிகுதியான நன்மை விளையும் என்று நம்பினார். அந்நம்பிக்கை முழுதாக நிறைவேறவில்லை. பிறகு மாலுமிகள் சங்கத்தின் தலைவரானார். கால்நடைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களின் கொடுமையையும் எழுதினார். அமெரிக்கப் பள்ளிப் பாடநூல்கள் இங்கிலாந்தின்மீது பகைமை வளர்ப்பதாக வருந்தி, அதனை மாற்ற அந்நாட்டுக்கே சென்று முயன்றார். 1898ஆம் ஆண்டு சூன் 3ஆம் நாள் ஃபோக்ஸ்டன் நகரில் மறைந்தார்.

அப்போதும் ஒரு குறை எஞ்சியிருந்தது. கோடு பிரித்தானியக் கொடி பறந்த கப்பல்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. வேற்றுநாட்டுக் கொடியின்கீழ்ப் பதிவான கப்பல் அதே துறைமுகத்தில் அளவின்றிச் சரக்கு ஏற்றிச் சென்றது. சரக்கெல்லாம் அயல்கொடிகளுக்குப் போய்விடும் என்பது உரிமையாளர்களின் பழைய வாதம். 1906இல், லாயிட் ஜார்ஜ் வணிகத் துறை அமைச்சராக இருந்தபோது, பிரித்தானியத் துறைமுகங்களுக்கு வரும் அயல்நாட்டுக் கப்பல்களுக்கும் அவ்விதி விரிவாக்கப்பட்டது. 1930இலும் 1966இலும் பன்னாட்டு உடன்படிக்கைகள் உருவாயின.

இன்று கப்பலின் விலாவில் வட்டத்தின் அருகே ஏணிப்படிகள் போலச் சிறு கோடுகள் பல காணப்படும். நன்னீரில் கப்பல் ஆழ அமிழும். உப்புநீரில் சற்று உயர்ந்து மிதக்கும். ஆகவே நீருக்கும் பருவத்திற்கும் ஏற்பத் தனித்தனி எல்லைகள் உண்டு. அவற்றுள் மிகத் தாழ்வானது வட அட்லாண்டிக்கின் குளிர்காலத்திற்கு உரியது. 1876ஆம் ஆண்டுச் சட்டம் உல்லாசப் படகுகளுக்கு விலக்கு அளித்திருந்தது. 1966ஆம் ஆண்டு உடன்படிக்கையும் வணிகத்தில் ஈடுபடாத உல்லாசப் படகுகளை விட்டுவிடுகிறது. 24 மீட்டருக்கு மேற்பட்ட நீளமுள்ள அத்தகைய படகைச் செல்வர் ஒருவர் தம் குடும்பத்தாருக்கென வைத்திருக்கும்வரை அவ்வுடன்படிக்கை கோட்டைக் கேட்பதில்லை. அதனையே கட்டணத்திற்கு வாடகைக்கு விட எண்ணி வணிகக் கலமாகப் பதிவு செய்ய முனைந்தால், கொடி நாட்டின் அளவையாளர் முதலில் அதன் விலாவைப் பார்க்கிறார்.