லட்ச ரூபாய் சவால் விட்ட ஆசிரியர்

எஸ்டேட் லயத்தில் ஒருவர் காய்ச்சலில் படுத்தால், டாக்டரிடம் போவதா, மந்திரவாதியிடம் போவதா என்ற பேச்சு எழுவதுண்டு. இதற்கு விடை தேடுவதிலேயே வாழ்நாளைக் கழித்தவர், கேரளத்தில் பிறந்த டாக்டர் ஆபிரகாம் கோவூர்.

1898 ஏப்ரல் 10-ந் தேதி திருவல்லாவில் பிறந்தார். தந்தை மார்த்தோமா சபையின் பாதிரியார். கல்கத்தாவில் படித்துவிட்டு ஊர் திரும்பியபோது, உறவினர்கள் கங்கை நீர் கேட்டார்கள். வழியில் பிடித்த சாதாரணத் தண்ணீரைக் கொடுத்தார். அதைக் குடித்தவர்கள் நோய் தீர்ந்ததாக மகிழ்ந்தார்கள். நம்பிக்கை வேறு, உண்மை வேறு என்று அவருக்கு அன்றே புரிந்தது.

1928-ல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆசிரியரானார். தாவரவியல் கற்பித்தார். 1959-ல் கொழும்பு தர்ஸ்டன் கல்லூரியில் ஓய்வு பெற்ற பிறகு, முழு நேரமும் பேய், பில்லி சூனியப் புகார்களை ஆராய்ந்தார்.

கூரையில் கல் விழுகிறது, துணி தானாகத் தீப்பிடிக்கிறது என்று அழைப்பார்கள். வீட்டில் உள்ளவர்களைத் தனித்தனியே விசாரிப்பார். பெரும்பாலும், மனம் நொந்த யாரோ ஒருவரின் கைதான் காரணமாக இருக்கும். அவரைத் திட்டமாட்டார், மனநோய்க்குச் சிகிச்சை அளிப்பார்.

1963-ல் அவர் விட்ட சவால் புகழ்பெற்றது. மோசடிக்கு இடமில்லாத சோதனையில் அற்புதம் செய்து காட்டினால் இலங்கைப் பணம் ஒரு லட்ச ரூபாய் பரிசு. உறையில் மூடி வைத்த ரூபாய் நோட்டின் எண்ணைச் சொல்லலாம். தீக்கங்கின் மீது அரை நிமிடம் அசையாமல் நிற்கலாம். கடைசி வரை எவரும் பரிசு பெறவில்லை.

தீமிதியில் நடக்கிறார்களே என்று கேட்கலாம். மரக்கரியின் சூடு மெதுவாகத்தான் காலில் ஏறும். வேகமாக நடப்பவர் பெரும்பாலும் தப்புகிறார். நின்றால் கால் வெந்துவிடும். சவாலில் நிற்கச் சொன்னதன் சூட்சுமம் இதுதான்.

அவர் ஆராய்ந்த ஒரு சம்பவம் 1972-ல் மலையாளத்தில் "புனர்ஜன்மம்" என்ற படமானது.

1978 செப்டம்பர் 18-ந் தேதி கொழும்பில் காலமானார். கண்களையும் உடலையும் தானமாக எழுதி வைத்திருந்தார். எலும்புக்கூடு மாணவர்களின் படிப்புக்குப் பயன்பட வேண்டும் என்பது அவர் விருப்பம்.

அவருக்குப் பின் சவாலைத் தொடர்ந்தவர் பி.பிரேமானந்த். பாலக்காட்டிலிருந்து கோவைக்கு ரயிலில் போகிறவர்கள் கடக்கும் போத்தனூரில்தான் அவர் வாழ்ந்து, 2009-ல் மறைந்தார்.

நம்புவது அவரவர் உரிமை. ஆனால் தோட்டத்தில் உழைத்த கூலியைத் தாயத்துக்கும் தகட்டுக்கும் கொடுக்குமுன் ஒரு கேள்வி கேட்கலாம்: இதைச் சோதித்துப் பார்த்தவர் யார்? கோவூர் விட்டுச்சென்ற சொத்து அந்தக் கேள்விதான்.