விண்மீன்களின் வரம்பு கண்ட சந்திரசேகரர்

மார்கழித் திருவாதிரையன்று வைகறையில், ஆருத்திரா தரிசனத்தின்பொருட்டு ஆதம்பாக்கத்து நந்தீசுவரர் கோயிலுக்குச் செல்வோர், மேல்வானில் சாய்ந்து நிற்கும் மதியத்திற்கு அணித்தே செந்நிற மீனொன்றைக் காண்பர். அதுவே திருவாதிரை. அதற்குத் தெற்கே, மீன்களெல்லாவற்றினும் ஒளிமிக்கதாய் வெண்ணிறத்தோடு விளங்குவது மேனாட்டார் சிரியஸ் என வழங்குவது. வெறுங்கண்ணுக்குப் புலனாகாத துணைமீனொன்று அதற்குண்டு. ஞாயிற்றின் நிறையெல்லாம் பூமியின் அளவிற்குள் ஒடுங்கியதனைய அத்துணைமீன், எரிந்தடங்கிய வெள்ளைக் குறுமீன் வகையைச் சார்ந்தது. திருவாதிரையோ அங்ஙனம் அமைதியாக அடங்கமாட்டாதது. இவ்விரண்டின் முடிவும் வேறாதற்குரிய காரணத்தைக் கணக்கிட்டுக் காட்டியவர், ஆதம்பாக்கத்திற்குச் சில கல் வடக்கேயுள்ள மயிலாப்பூரில் வளர்ந்த சுப்பிரமணியன் சந்திரசேகரர். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1910 அக்டோபர் 19-இல் இலாகூரில் பிறந்தார். தந்தையார் சி. சுப்பிரமணிய ஐயர் அரசாங்கக் கணக்குத் தணிக்கைத் துறையில் அலுவல் பார்த்தவர். தாயார் சீதாலட்சுமி அம்மையார், இப்சனின் நாடகமொன்றைத் தமிழாக்கிய கல்வியுடையவர். சர் சி. வி. இராமன் இவருக்குச் சிறிய தந்தையார். குடும்பம் 1918-இல் சென்னைக்கு வந்தது. பின்னர் எட்வர்டு எலியட்ஸ் சாலையில் தந்தையார் சந்திரவிலாசம் என்னும் இல்லத்தை எடுப்பித்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிற் பயின்று, 1925-இல் சந்திரசேகரர் இராசதானிக் கல்லூரி புகுந்தார்.

1928-இல் செருமானியப் பேராசிரியர் சம்மர்பெல்டு சென்னை போந்தபோது, மாணவராகிய இவர் அவர் தங்கிய விடுதிக்கே சென்று கண்டார். தாம் கற்றுத் தேர்ந்த அணுநூல் பழையதாய்க் கழிந்துவிட்டதென அப்பெரியார் கூறக் கேட்டு மனம் சோர்ந்தாரல்லர். அவர் அளித்த அச்சுப்படிகளைக் கொண்டு புதுமுறையைத் தாமே பயின்று, அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் அரசவைக் கழகத்து வெளியீட்டில் கட்டுரை வரைந்தார்.

அரசாங்க உதவி பெற்று 1930 சூலை 31-இல் பம்பாயில் கப்பலேறினார். தாயார் நோயுற்றிருந்தனர், ஆயினும் மகன் செல்லவேண்டுமென்று வற்புறுத்தியவர் அவரே. அவ்வம்மையாரை இவர் மீட்டுங் காணவில்லை. 1931-இல் அவர் காலமானார். அக்கடற்பயணத்திலேதான் பத்தொன்பது வயதினராகிய இவர் அக்கணக்கைத் தொடங்கினார்.

எரிபொருள் தீர்ந்த மீன் தன் எடையால் உள்நோக்கிச் சுருங்கும். நெருக்குண்ட எலெக்ட்ரான்களின் அழுத்தம் அச்சுருக்கத்தைத் தடுக்கும். எத்துணைப் பெரிய மீனும் இவ்வாறே அமைதியடையும் என்பது அன்றையோர் துணிபு. எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை அணுகுங்கால் ஐன்ஸ்டைனின் சார்புநிலைக் கொள்கையையும் கூட்டிக் கணக்கிடல்வேண்டும் என்று கண்டார் சந்திரசேகரர். கூட்டியபோது ஒரு வரம்பு வெளிப்பட்டது. ஞாயிற்றின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கிற்கு மேற்பட்டதை அவ்வழுத்தம் தாங்காது.

1935 சனவரி 11-இல் இலண்டன் வானநூற் கழகத்தில் இதனை எடுத்துரைத்தார். உடனே எழுந்தவர் எடிங்டன். அக்காலத்து வானநூலாருள் தலைமை வாய்ந்தவர். இவருடைய ஆராய்ச்சியை நாளும் கேட்டறிந்து வந்தவர். விண்மீன் இங்ஙனம் முறைகெட நடவாதபடி தடுக்கும் இயற்கைவிதி ஒன்று இருந்தே தீரவேண்டுமென்று கூறி, அவையோர் நகைக்கும்படி மறுத்துவிட்டார். போர், பௌலி முதலியோர் இளைஞர் கணக்கே சரியென்பதைத் தனிமையில் ஒப்புக்கொண்டனர். அவையில் எவரும் வாய்திறந்திலர். கருதலளவைக்குரிய பொருளில் ஒருவரது பெருமையையே உரையளவையாகக் கொண்டுவிட்ட பிழை இது. நம் புலவர் கூட்டங்களிலும் யாம் இதனைக் கண்டதுண்டு.

சந்திரசேகரர் பூசலை வளர்த்திலர். 1936-இல் லலிதா அம்மையாரை மணந்து, 1937-இல் அமெரிக்கா சென்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் எர்க்ஸ் வானிலையத்தில் அமர்ந்தார். தம் முடிபுகளை 1939-இல் ஒரு நூலாக்கி, வேறு துறைக்குத் திரும்பினார். எடிங்டன் 1944-இல் மறைந்தபோது அவர் புகழை மனமாரப் போற்றினவரும் இவரே.

ஈண்டுப் பலரும் அறியாத ஒரு செய்தி உண்டு. 1942-இல் என்ரிச் என்பவரோடு சேர்ந்து, உலகிலுள்ள தனிமங்கள் இன்ன விகிதத்தில் அமைந்தது எவ்வாறு என்று சந்திரசேகரர் ஆராய்ந்தார். ஏறத்தாழ 800 கோடி பாகை வெப்பத்தில் அணுக்கருக்கள் ஒன்றோடொன்று சமநிலையுற்றன எனக் கொண்டால், ஆக்சிசன் முதல் கந்தகம் வரையுள்ளவற்றின் அளவு ஓராற்றான் பொருந்தியது. அதனிற் கனத்தவை பொருந்தவில்லை. பொருந்தாமையை மறைக்காது எழுதினார். ஒரே நிலையில் எல்லாம் தோன்றின என்னும் கருத்து அம்முயற்சியாலேயே தளர்ந்தது. 1957-இல் பர்பிட்சு தம்பதியரும் பௌலரும் ஆயிலும் மீன்களின் உள்ளேயே தனிமங்கள் படிப்படியாகச் சமைக்கப்படுதலை விரித்தெழுதினர். ஐதரசன் ஈலியமாகும், ஈலியம் கரியாகும், பெருமீன்களில் இரும்பு வரை இது செல்லும். இரும்பிணைவு ஆற்றல் தாராது. அவ்விரும்புக்கரு சந்திரசேகரர் கண்ட வரம்பை எட்டுங்கால் இடிந்து வீழ, மேற்புறம் வெடித்துச் சிதறும். நிறை பெருகி அவ்வரம்பை நெருங்கும் சில வெள்ளைக் குறுமீன்களும் வெடித்து மிகுதியான இரும்பைத் தூவும். நம் குருதியிலுள்ள இரும்பு இங்ஙனம் வந்ததே. 1983-இல் நோபல் பரிசு சந்திரசேகரருக்கும் பௌலருக்கும் பகுத்தளிக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் நம் நூல்கள் முன்னரே கூறிவிட்டன என்பாரும் உளர். அஃது எமக்கு உடன்பாடன்று. நம் சாத்திரங்கள் கூறும் பூதங்கள் ஐந்து; இவர் ஆராய்ந்த தனிமங்கள் வேறு; இரண்டையும் ஒன்றெனல் இரண்டிற்கும் இழுக்கு. இல்லது தோன்றாது, உள்ளது உருமாறும் என்னும் அளவில் ஒப்புமை காணலாம். அதற்குமேல் இழுத்தல் வேண்டா. இறைவன் பெயரைத் தாங்கிய இவர், இறையுண்மையைத் தாம் ஏற்கவில்லை என்பதை வெளிப்படையாகவே கூறியவர். அதனை மறைத்து அவரை நம்மவராக்கிக் கொள்ளுதலும் முறையன்று.

சிகாகோவில் 1995 ஆகஸ்டு 21-இல் அவர் மறைந்தார். 1999-இல் அமெரிக்கர் விண்ணிற் செலுத்திய ஊடுகதிர் நோக்காடி, அவர் நினைவாகச் சந்திரா என்னும் பெயர் பெற்றது. வெடித்த மீன்கள் உமிழ்ந்த சிலிக்கனையும் கந்தகத்தையும் இரும்பையும் அது வேறுவேறாகப் பிரித்துப் படமெடுத்து அனுப்பியது.